சாமுவேல் அடித்துவிட்ட நான்காவது காரணம்

9 நவம்பர் 2025, ஞாயிற்றுக்கிழமை, மாலை 4.15 மணி

கடிதம் எண் 7
பொருள்: மறைந்த திரு. சாமுவேல் அவர்களைப் பற்றியும், நமது ஆட்சேப மனுவைப் பற்றியும்

பாவடிக் குடியிருப்போர் அனைவருக்கும்,

அக்டோபர் 30, வியாழக்கிழமை, காலை 5.40க்கு என் தொலைபேசி ஒலித்தது. சாமுவேலின் மனைவி மேரி அம்மாள் பேசினார். "கஞ்சி கரைச்சி வெச்சிட்டு எழுப்பப் போனேன் சார். எழுந்திரிக்கல." நான் போய்ச் சேர்ந்தபோது மணி 5.55. பட்டுப் பாவுக்குத் தோய்க்கும் கஞ்சி வாளியில் அப்படியே இருந்தது.

தெருமுனை அஞ்சலிப் பதாகையில் அவருடைய வயது 71 என்று அச்சிட்டிருக்கிறார்கள். ஞானஸ்நானச் சான்றிதழைப் பார்த்தேன். 69 வயதும் எட்டு மாதமும்தான். அவர் இருந்திருந்தால் தாமே ஏணி வைத்து ஏறித் திருத்தியிருப்பார்.

அவர் தொழில் உங்களுக்குத் தெரியும். ஆனால் இக்கடிதம் வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கும் போகிறது; ஆகையால் எழுதுகிறேன். தறியில் ஏறுவதற்கு முன் பட்டுப் பாவை, அதாவது நெசவின் நீளவாட்டு இழைகளை, தெரு நீளத்துக்கு நீட்டி, கஞ்சி தோய்த்து, இழை இழையாகப் பிரித்து உலர்த்த வேண்டும். காற்று அடித்தால் இழைகள் பின்னிக்கொள்ளும். பாவு நீட்டும் தெருவான நம் பாவடியில் இரண்டு வரிசைப் புங்கமரங்கள் நிற்பதால்தான் அங்கே இந்த வேலை நடக்கிறது. ஆற்றோர மேட்டில் காற்றாலை அமைக்க வந்த நிறுவனம், அதன் இறக்கைகளை ஏற்றிய நீண்ட லாரிகள் திரும்புவதற்காக அந்த மரங்களை வெட்டிப் பாதையை அகலப்படுத்த அனுமதி கேட்டது. நம் வழக்கு இவ்வளவுதான்.

மே 26, திங்கட்கிழமை, என் வீட்டுக் கூடத்தில் மனுவின் வரைவைப் படித்துக் காட்டினேன். பதிவு அலுவலகத்தில் எழுத்தராக இருந்த பழக்கத்தால் காரணங்களை வரிசை எண் இட்டுப் பத்தாக எழுதியிருந்தேன். நான்காவது இது: 'இப்பகுதியில் ஆண்டு முழுவதும் காற்று கிடையாது, எனவே காற்றாலையே இங்கு பயனற்றது.' ஆதாரமாகச் சாமுவேலின் நாள்காட்டித் தாள்களைச் சேர்த்திருந்தேன். பாவு நீட்ட முடியாத நாட்களில் மட்டும் அவற்றில் 'காத்து. வேலை இல்ல' என்று எழுதியிருப்பார். அப்படிப்பட்ட தாள்கள் மிகக் குறைவு. அதுவே நம் பலம் என்று நினைத்தேன்.

அவர் என் பேனாவை வாங்கி நான்காவதன் மேல் கோடு இழுத்தார்.

"இன்னா சார் இது? ஆடி மாசம் மத்தியானம் மேட்டுல புடவை காயப்போட்டுப் பாருங்க. பாலாத்துக்கு அந்தாண்ட போய்த்தான் எடுத்துக்கினு வரணும்."

"நாள்காட்டி உங்கள் கையெழுத்துத்தானே?" என்றேன்.

"நான் எழுதுனது காலைல ஆறுலேர்ந்து எட்டு வரைக்கும், மரத்துக்குக் கீழ. மீதி நேரத்து காத்துக்கு நான் சாட்சி இல்ல சார்."

எதிரே இருந்த நம் தெருத் தசரதனுக்குப் பொறுக்கவில்லை. "காத்தாலை மேகத்தத் தொரத்திடும்னு போடுங்க சார். ஆபீசருங்க அதுக்குத்தான் பயப்படுவாங்க."

"போன வருசம் மழையே இல்லியே, அப்ப யாருப்பா தொரத்தினது? நீயா?" என்றார் சாமுவேல். கூடமே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. நான்காவதை விட்டுவிட்டே மனுவைக் கொடுத்தேன்; ஆனால் ஒன்பது நாட்கள் அவரோடு பேசவில்லை.

ஜூன் 18, புதன்கிழமை, பத்து மணிக்கு அதிகாரிகள் பார்வையிட வருவதாக இருந்தது. பாதை துப்புரவாக இருக்கட்டும், அன்று பாவு நீட்ட வேண்டாம் என்று நான் சொல்லி அனுப்பியிருந்தேன். சாமுவேலோ எட்டுக்குள் முடித்துவிடலாம் என்று நீட்டிவிட்டார். அதிகாரிகள் 6.50க்கே வந்துவிட்டார்கள். ஜீப் பாவின் முன்னால் நின்றது.

அதிகாரி ஒரு பெண்மணி. "இதக் கொஞ்சம் சுருட்டி வைங்க" என்றார்.

"முடியாதும்மா. கஞ்சி ஈரமா இருக்குது. இப்ப சுருட்டினா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். அரை மணி நேரம் பொறுத்துக்கோங்க."

அந்த அம்மாள் இறங்கி, பாவின் ஓரமாகவே கடைசி வரை நடந்தார். ஓர் இழைகூட ஆடவில்லை. திரும்பி வந்து, "இங்க காத்தே இல்லியே, இங்க எதுக்குக் காத்தாலை?" என்று கேட்டார். நான் மனுவில் எழுத விரும்பிய வாக்கியத்தை அதிகாரியே சொல்லிவிட்டார். 'ஆமாம்' என்று ஒரு சொல் போதும். நான் சாமுவேலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மேட்டுல நல்ல காத்தும்மா. இங்க மரம் தடுக்குது. மரத்த வெட்டினா காத்து இங்கயும் வந்துடும், நாங்க பாவு நீட்ட முடியாது. காத்தாலை வேணாம்னு நான் சொல்லல. றெக்கையை வேற வழியா எடுத்துக்கினு போங்க."

அதிகாரி அதை அப்படியே எழுதிக்கொண்டார். மாற்றுப் பாதையை ஆராயும்படி உத்தரவும் வந்தது. நான்காவது காரணம் மனுவில் இருந்திருந்தால், மேட்டில் ஒரு நாள் நின்று பார்த்ததுமே மற்ற ஒன்பதையும் மூடி வைத்திருப்பார்கள். நான் எழுதியது தவறு. அவரிடம் இதை நேரில் சொல்லவில்லை. அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

இறுதி விசாரணை நவம்பர் 24, திங்கட்கிழமை. மரங்களின் கதி அன்றுதான் தெரியும். சென்ற புதன்கிழமை தசரதன் வந்து, "இப்பதான் அவர் இல்லியே சார், அந்த நாலாவதச் சேத்துடலாமா?" என்று கேட்டார். மரங்கள் நிற்க வேண்டும் என்ற கவலையில்தான் கேட்டார். அவர்மேல் எனக்குக் குறையில்லை. முடியாது என்று சொல்லிவிட்டேன். நவம்பர் 24 அன்று சாமுவேல் பேசிய அதே வாக்கியங்களை நான் எழுந்து படிப்பேன். கேள்வி கேட்டால், எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான் என்பேன். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான்.

தங்கள் உண்மையுள்ள,
ரங்கநாதன்

இணைப்புகள்:
1. நாள்காட்டித் தாள்களின் நகல். 'காலை ஆறு முதல் எட்டு வரை, மரத்தடியில் மட்டும்' என்று மேலே குறித்திருக்கிறேன்.
2. ஜூன் 18 அன்று அவர் கூறியதன் எழுத்து வடிவம்.
3. மனுவின் செம்பிரதி. மூன்றாவது காரணத்துக்குப் பின் ஐந்தாவது வருகிறது, எண்களை மாற்றவில்லை. பிழை என்று யாரும் திருத்த வேண்டாம்.

இணைக்கப்படாதது: அவர் கோடு இழுத்த மூலத்தாள். அது என்னிடம் இருக்கிறது.