தோட்டா கிடைக்காத முந்நூற்றுப் பதினெட்டு

என்னிடம் ஒரு வேட்டைத் துப்பாக்கி இருக்கிறது. முறையான லைசென்ஸும் இருக்கிறது. அதில் போட்டுச் சுடத் தோட்டாதான் இல்லை. நான் விசாரித்த வரையில் இந்தியாவின் எந்தக் கடையிலும் இல்லை. யாரோ என்னை ஏமாற்றித் தலையில் கட்டிவிட்டதாகப் பரிதாபப்படுகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தெரிந்தேதான் வாங்கினேன்.

ஆரம்பத்தில் எனக்கு இருந்தது நியாயமான தேவைதான். பேத்தமங்கலா பக்கம் மனைவிக்குப் பிறந்த வீட்டு வழியில் வந்த கொஞ்சம் நிலம். வேர்க்கடலை போட்டால், காய் பிடிக்கிற நேரம் பார்த்துக் காட்டுப்பன்றிகள் குடும்பத்தோடு வந்து டிராக்டர் ஓட்டியதுபோலப் புரட்டிவிட்டுப் போகும். பன்றியை நினைத்தபடி சுடச் சட்டம் விடாது. வானத்தைப் பார்த்துச் சுட்டு விரட்டலாம் என்றார்கள். நானும் பல நாள் அலைந்து, பயிர்ப் பாதுகாப்புக்கென்று லைசென்ஸ் வாங்கினேன். சாதாரண பன்னிரண்டு போர் துப்பாக்கி ஒன்று வாங்குவதாகத்தான் திட்டம்.

அப்போதுதான் எங்கள் தொழிற்சாலை நண்பர் ஒருவர் ஊரிகத்தில் ஒரு பங்களாவில் பழைய ரைபிள் விலைக்கு வருவதாகச் சொன்னார். விற்பவர் அந்தக் காலத்துத் தங்கச் சுரங்க அதிகாரி ஒருவரின் மகன். எழுபதைத் தாண்டியவர். பெங்களூரில் மகளின் அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோகிறார். மகள் துப்பாக்கியோடு வரக்கூடாது என்று சொல்லிவிட்டாளாம்.

வேட்டைப் புத்தகங்கள் ஒரு அலமாரி நிறையப் படித்தவன் நான். ஆனால் அசல் வேட்டைத் துப்பாக்கியை அன்றுதான் அருகில் பார்த்தேன். வால்நட் கட்டை, தேன் நிறம். குழலில் துளித் துரு இல்லை. அவர் அதை மேஜைமேல் கிடத்திய விதம், தூங்குகிற குழந்தையைக் கிடத்துவதுபோல இருந்தது.

"முந்நூற்றுப் பதினெட்டு," என்று குழலின் அளவைச் சொன்னார். "அப்பா சீமையிலேர்ந்து வரவழைச்சது. இதுக்குத் தோட்டா வர்றது நின்னு எத்தனையோ வருஷம் ஆச்சு. மிச்சம் இருந்ததையும் அப்பாவே சுட்டுத் தீர்த்துட்டார். ரெண்டு பேர் வந்து பார்த்துட்டு வேணாம்னு போயிட்டாங்க. கடைசியில போலீஸ்ல கொடுத்துடலாம்னு இருக்கேன். அவங்க அறுத்துப் போட்டுடுவாங்க."

எனக்குத் தெரிந்த தோட்டாவுக்கும் அதற்கும் மூன்றே மூன்று எண்தான் வித்தியாசம். "முன்னூத்திப் பதினஞ்சு தோட்டா கடையில கிடைக்குதே சார். அதப் போட்டா ஆவாதா?"

"போடலாம். எதிர்ல இருக்கிற பன்னிக்கு ஒண்ணும் ஆகாது. பின்னால இருக்கிற உங்களைப் பத்தி நான் சொல்ல முடியாது."

அத்தோடு எழுந்து வந்திருக்க வேண்டும். வந்திருப்பேன். அவர் சும்மா இல்லாமல், "உங்கப்பா மைன்ஸ்ல இருந்தாரா?" என்று கேட்டார்.

"அண்டர்கிரவுண்டுல சார். டிம்பர்மேன்." சுரங்கத்துக்குள் பாறை சரியாமல் மரத்தால் முட்டுக்கொடுக்கிற வேலை.

"அப்ப எங்கப்பாகூட பீட்டுக்கு வந்திருப்பார்," என்று சிரித்தார். பிறகு ரைபிளை உறைக்குள் தள்ளிக்கொண்டே, "நீங்க ஒரு பன்னெண்டு போர் வாங்கிக்கோங்க மிஸ்டர். இது உங்களுக்குச் சரிப்படாது. இதையெல்லாம் லைன் வீட்டுல எந்தச் சுவத்துல மாட்டுவீங்க?" என்றார்.

பீட் என்றால் இதுதான். அதிகாரிகள் ஞாயிற்றுக்கிழமை வேட்டைக்குக் கிளம்பினால், ஷிப்ட் முடிந்து வந்த ஆட்களை லைனிலிருந்து, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து, கூட்டிப் போவார்கள். புதரின் ஒரு பக்கம் துப்பாக்கிகள் காத்திருக்கும். மறுபக்கத்திலிருந்து ஆட்கள் தகரத்தைத் தட்டிக்கொண்டு, கத்திக்கொண்டு, முள்ளுக்குள் புகுந்து மிருகத்தைத் துப்பாக்கி முன்னால் ஓட்டிவர வேண்டும். அப்பா அப்படிப் போயிருக்கிறார். காலெல்லாம் கீறலும் கையில் கொஞ்சம் பன்றிக்கறியுமாக வருவார். ஒரு முறையாவது அந்தத் துப்பாக்கியைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டுக் கையை நீட்டியபோது, யாரோ பட்டென்று கையைத் தட்டிவிட்டார்களாம். அதைச் சிரித்துக்கொண்டேதான் எங்களுக்குச் சொல்வார். நான் படித்த புத்தகங்களில் சுட்டவனுக்குப் பெயர் உண்டு, துப்பாக்கிக்குப் பெயர் உண்டு, நாய்க்குக்கூட உண்டு. தகரம் தட்டியவனுக்கு ஒரு பக்கத்திலும் பெயர் இல்லை.

பங்களாவின் படியிறங்கும்போது முடிவு செய்துவிட்டேன், அந்த ரைபிள்தான் வேண்டும் என்று. இதற்குப் பெயர் விவேகம் இல்லை என்பது தெரியும். ஐம்பத்துநாலு வயதில் எனக்குக் கைவசம் இருப்பது ரோஷம் மட்டும்தான்.

பெங்களூரில் துப்பாக்கிக் கடைக்காரரிடம் போனேன். அவர் எண்ணைக் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "இதுக்குத் தோட்டா வேணும்னா நீங்க லண்டன் போணும் சார். போனாலும் கொண்டார வுட மாட்டான்."

வீட்டில் வரவேற்பு இன்னும் நன்றாக இருந்தது. "குண்டே இல்லாத துப்பாக்கிய வெச்சிக்கினு இன்னா பண்ணப் போறீங்க?" என்றாள் மனைவி. "பன்னிகிட்ட போயி லைசென்ஸ காட்டுவீங்களா?"

"அது அழகா கீதுடி."

"அழகா இருக்குதுன்னா போட்டோ எடுத்து மாட்டுங்க. நெலம் என்னுது. வேலி போட நான் ஏற்பாடு பண்றேன், நீங்க உங்க சண்டைய முடிச்சிட்டு வாங்க."

சண்டை என்ற சொல்லைச் சரியாகத்தான் பிடித்தாள்.

அடுத்த வாரம் மறுபடி ஊரிகம் போனேன். பங்களாவில் பாதிச் சாமான் பெட்டிகளுக்குள் போயிருந்தது. அவர் வாசலிலேயே நின்றுகொண்டு, "நான்தான் சொன்னேனே, உங்களுக்கு அது உபயோகப்படாது. நாளைக்கு ஸ்டேஷன்ல கொடுக்கப் போறேன்," என்றார்.

"அறுத்துடுவாங்கன்னு நீங்கதான சார் சொன்னீங்க?"

"அறுக்கட்டும். கண்ட இடத்துல கிடக்கிறதுக்கு அது மேல்."

வழியெல்லாம் ஒத்திகை பார்த்த கண்ணியமான வாக்கியங்கள் எல்லாம் அந்த இடத்தில் மறந்துபோயின. வாயில் வந்தது வேறு.

"சார், உங்கப்பா சுட்ட பன்னி தானா வந்து நிக்கல. எங்கப்பாதான் முள்ளுல பூந்து ஓட்டிக்கினு வந்தாரு. அவரு தகரம் தட்டலைன்னா உங்கப்பா மரத்தடியில உக்காந்து சாண்ட்விச் தின்னுட்டு வூட்டுக்குப் போயிருப்பாரு. கணக்குப் பாத்தா இந்தத் துப்பாக்கியில பாதி ஏற்கெனவே எங்களுது. மீதிப் பாதிக்குத்தான் நான் வெல கேக்கறேன். இஷ்டம் இருந்தா குடுங்க. இல்லைன்னா நாளைக்கு ஸ்டேஷனுக்கு நானும் வர்றேன். என் பாதிய அறுக்கறதுக்கு நான் ஒத்துக்கலன்னு அங்க சொல்றேன்."

சட்டப்படி இதற்கு ஒரு காசு மதிப்பில்லை.

அவர் முகத்தில் இருந்தது கோபமா, வேறு ஏதாவதா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. "அப்பா நல்லா சுடுவார்னு இல்லை," என்றார். "நிறையத் தடவை குறி தப்பும். அது வெளியில தெரியாது." பிறகு வழிவிட்டு, "உள்ளே வாங்க. என்ன கொடுப்பீங்க?" என்று கேட்டார்.

ரோஷத்தில் அவர் எதிர்பார்த்ததைவிட அதிகமாகச் சொல்லிவிட்டேன் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. திருப்பிக் குறைக்க மானம் இடம் கொடுக்கவில்லை. அனுமதி, கையெழுத்து, முத்திரை எல்லாம் முடிந்து அது என் பெயருக்கு வந்தது. லைன் வீட்டுச் சுவர் உண்மையிலேயே போதவில்லை. பீரோவில் குறுக்காகத்தான் நிற்கிறது. மனைவி சொன்னபடியே சூரியசக்தி வேலி போட்டாள். பன்றிகள் இப்போது பக்கத்துக் கொல்லைக்குப் போகின்றன.

தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் அதை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு, முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். போன தேர்தலுக்கு நானும் கொண்டுபோனேன். ஏட்டு உறையைத் திறந்து பார்த்தார்.

"இதுல யாரையும் சுட முடியாதாமே சார். அப்ப இது துப்பாக்கியா, உலக்கையா?"

"லைசென்ஸ்ல துப்பாக்கின்னுதான் போட்டிருக்குது."

"சும்னே எதுக்கு சார் ஒவ்வொரு எலெக்ஷனுக்கும் தூக்கிக்கினு அலையறீங்க? வயசாவுது. ஒரே லெட்டர் எழுதி சரண்டர் பண்ணிடுங்க. உங்களுக்கும் நிம்மதி, எங்களுக்கும் எடம் மிச்சம்."

"ரசீது எழுதுங்க."

"நான் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"நல்லதுதான். ரசீதுல என் பேர முழுசா எழுதுங்க, அப்பா பேரோட. ஓட்டு எண்ணி முடிச்ச மறுநாள் காலையில வருவேன்."

"மறுநாளேவா? பன்னி காத்துக்கினு நிக்குதா?"

"பன்னி இல்ல. நான்."

அவர் தலையில் அடித்துக்கொண்டு எழுதினார். சொன்ன நாளில் முதல் ஆளாகப் போய் நின்றேன். சாவி வைத்திருந்தவர் இன்னும் வந்திருக்கவில்லை, பெஞ்சில் உட்கார்ந்தேன். வந்ததும் எண்ணைச் சரிபார்த்து, கையெழுத்துப் போட்டு, உறையோடு தோளில் மாட்டிக்கொண்டேன். ஆட்டோ பிடிக்கலாம் என்றுதான் நினைத்தேன். மனம் மாறி, கூட்டம் நிறைந்த ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட் வழியாக நடந்தே வீட்டுக்குப் போனேன்.