பதினோரு மணிக்கு நிறுத்தத்தில் யாருமில்லை

பொருளாதாரம் படித்துவிட்டு அரசாங்கத்துக்கு யோசனை சொல்லப் போகிறவர்களுக்கு முதலில் தேய்வது பல்தான். மீட்டிங்குக்கு மீட்டிங் கடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அநியாயம் நடந்தது வசந்தா அக்காவுக்கு. கோட்டூர்புரம் ஆற்றங்கரையில் பிறந்து வளர்ந்தவர். அந்தக் குடிசைகளை எடுத்துவிட்டு, அங்கிருந்தவர்களைச் சோழிங்கநல்லூருக்கு அப்பால் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு மாற்றினார்கள். வீடு நகர்ந்தது, வேலை நகரவில்லை. மயிலாப்பூருக்கு அதிகாலையில் ஒரு நேரடி பஸ் விடுங்கள் என்று அங்குள்ள பெண்கள் மனு கொடுத்தார்கள். ‘போதிய தேவை இல்லை’ என்று பதில் வந்தது. அந்தப் பதிலை எழுதிய ஆலோசனைக் குழுவில்தான் எம்.ஏ. மாணவியான எனக்குப் பயிற்சி. நான் குடியிருக்கும் மயிலாப்பூர் மாடி போர்ஷனுக்குக் கீழ்வீட்டில்தான் வசந்தா அக்காவுக்கு வேலை. என் நிலைமையை நினைத்துப் பாருங்கள்.

மாமியின் கெடு

வசந்தா அக்கா வருவது ஷேர் ஆட்டோவில். திருவான்மியூரில் இறங்கி இன்னொன்று பிடிக்க வேண்டும். அது ஆள் நிரம்பினால்தான் கிளம்பும். கீழ்வீட்டு மாமியின் மருமகள் பள்ளிக்கூட டீச்சர், விடிந்ததும் ஓடவேண்டியவள். அதற்குள் வாசல் தெளித்தாக வேண்டும், பாத்திரம் துலக்கியாக வேண்டும். வாரத்தில் பாதி நாள் இரண்டும் நடப்பதில்லை.

ஒரு நாள் மாமி படிக்கட்டில் என்னை நிறுத்தி, அடுத்த மாசத்திலிருந்து பக்கத்துத் தெருவிலேயே வேறு ஆள் பார்த்துக்கொள்ளப் போவதாகச் சொன்னார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. தப்பு பஸ் விடாதவர்கள் மேல், தண்டனை அக்காவுக்கா என்று ஒரு முழுப் பிரசங்கம் செய்தேன். மாமி பொறுமையாகக் கேட்டார்.

“நீயும் அந்த ஆபீஸ்லதானேடி இருக்கே? பஸ் வேண்டாம்னவாளையே ஆத்துல குடி வெச்சுண்டு, நான் யாரோட போய் சண்டை போடறது?”

தேவையை எப்படி அளந்தார்கள்

மறுநாள் எங்கள் குழுத் தலைவரிடம் போனேன். நல்ல மனிதர். வீட்டிலிருந்து கொண்டுவரும் சுண்டலை எல்லோருக்கும் கொடுத்த பிறகுதான் தான் சாப்பிடுவார். தேவை இல்லை என்று எப்படி சார் கண்டுபிடித்தீர்கள் என்றேன். முறையாக ஆய்வு செய்தோம், ஆட்களை அனுப்பி நிறுத்தத்தில் எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று பார்த்தோம் என்றார். எத்தனை மணிக்கு என்று கேட்டதும்தான் விஷயம் வெளியே வந்தது. ஆபீஸ் பத்து மணிக்கு. கையெழுத்துப் போட்டுவிட்டு, டீ குடித்துவிட்டு, அவ்வளவு தூரம் போய்ச் சேரப் பதினோரு மணி. அதிகாலை பஸ்ஸுக்கான கூட்டத்தைப் பதினோரு மணிக்குத் தேடியிருக்கிறார்கள்.

இது ராத்திரி இட்லிக் கடை வாசலில் பகலில் நின்றுகொண்டு, ‘இந்தத் தெருவில் யாருக்கும் பசியில்லை’ என்று எழுதுவது மாதிரி இல்லையா சார் என்றேன். அவர் சுண்டல் டப்பாவை என் பக்கம் நகர்த்தினார்.

“விடியக்காலைல போய் எண்ணுறதுக்கு ஓவர்டைம் யாரும்மா குடுக்கறது? நிஜமாவே தேவை இருந்தா, ஆபீஸ் டயத்துலயும் கொஞ்சமாவது தெரியணும்ல?”

வெள்ளோட்டம்

நான் விடவில்லை. சண்டை போடுவதில் எனக்கு ஒரு சௌகரியம், எனக்கு அலுக்காது. அவருக்கு அலுத்தது. இரண்டு வாரத்துக்குச் சோதனையாக ஒரு பஸ் விட ஏற்பாடு செய்தார். நிறுத்தத்தில் ‘தற்காலிக சேவை’ என்று பலகையும் வைத்தார்கள். முந்தின ராத்திரியே சோழிங்கநல்லூரில் ஒரு தோழி வீட்டில் தங்கி, முதல் நாள் நானே போய் ஏறினேன். டிரைவர், கண்டக்டர், நான். கல்யாணத்துக்குப் பிடித்த வண்டி மாதிரி இருக்கிறது, பெண் வீட்டாரைத்தான் காணோம் என்றார் கண்டக்டர். அடுத்தடுத்த நாட்களிலும் அதே கதை.

தலைவர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். முகத்தில் வெற்றிச் சிரிப்பு இல்லை, பரிதாபம் இருந்தது. அதுதான் இன்னும் மோசம்.

“பொம்பளைங்களுக்கு டிக்கெட்டே கிடையாது. விலையே இல்லாத பஸ்ல கூட ஏறலைன்னா, தேவை எங்கம்மா இருக்கு? உங்க பாடப் புஸ்தகத்துலயே இருக்குமே.”

ஆட்டோவில் ஓர் இடம்

அன்று சாயங்காலம் கொல்லைக் குழாயடிக்கே போய் அக்காவோடு சண்டை பிடித்தேன். உங்களுக்காக ஊரோடு மல்லுக்கு நின்று பஸ் வாங்கித் தந்தால், ஒருவர்கூட ஏறவில்லையே, என் மானம் போயிற்றே என்றேன். அக்கா தேய்த்த குண்டானை ணங்கென்று கவிழ்த்தார். பஸ் போவதை ஆட்டோவுக்குள்ளிருந்து தினமும் பார்த்துக்கொண்டுதான் வந்தாராம். அவர்கள் பிளாக்கில் பெண்கள் சேர்ந்து ஷேர் ஆட்டோவில் மாசத்துக்கு இடம் பிடித்து வைப்பது வழக்கம். நாலு நாள் வராவிட்டால் அந்த இடம் அடுத்தவளுக்குப் போய்விடும். திரும்பக் கிடைக்காது.

“ரெண்டு வாரம் வுட்டுட்டு பஸ்ஸ நிறுத்திக்கினு பூடுவீங்கோ. அப்பால என் எடத்துல வேற எவளோ குந்திக்கினு இருப்பா. நீ வந்து என்ன தூக்கிக்கினு வருவியா பாப்பா?”

பலகையில் ஒரு சொல்

மாடிக்கு வந்து யோசித்தேன். இலவச பஸ்ஸுக்கும் விலை இருந்திருக்கிறது, அந்த ஆட்டோ இடம்தான் விலை. நாளைக்கும் வரும் என்று நிச்சயமில்லாத பஸ்ஸுக்காக யாரும் அதைக் கொடுக்க மாட்டார்கள். காலையில் தலைவரிடம் இதையே சொன்னேன். கூட்டம் வரட்டும், நிரந்தரமாக்குவோம் என்றார். நிரந்தரமாக்குங்கள், கூட்டம் வரும் என்றேன். இப்படியே மதியம் வரை போனது. சாப்பாட்டு நேரம் தாண்டவே, ‘தற்காலிக’ என்ற சொல்லை அழித்துவிட்டு ஒரு வருஷத்துக்குப் பஸ் ஓடும் என்று எழுத ஒப்புக்கொண்டார். பொருளாதாரத்தில் பசிக்குத் தனி இடம் உண்டு.

பலகை மாறியதும் முதலில் அக்காவின் ஆட்டோப் பெண்கள் கூடிப் பேசி, ஒட்டுமொத்தமாக பஸ்ஸுக்கு மாறினார்கள். பின்னாலேயே மற்ற பிளாக்குகளும். அந்த வாரம் மாமி டிகாக்‌ஷன் போடும்போதே வாசல் தெளித்தாகிவிட்டது. வேறு ஆள் பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை. அக்கா நன்றி சொல்வார் என்று நான் படிக்கட்டில் தயாராக நின்றேன்.

“இன்னா பஸ்ஸு வாங்கிக் குட்த்த நீ? நிக்கக்கூட எடம் இல்ல, என் செருப்பு அந்துபோச்சு. இன்னொண்ணு வுடச் சொல்லு.”

நேராகத் தலைவரிடம் போய், கூட்டம் தாங்கவில்லை, இரண்டாவது பஸ் வேண்டும் என்றேன். ஆகட்டும், கேட்டு எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு, உண்மையான வருத்தத்தோடு என்னைப் பார்த்தார்.

“இவ்ளோ கூட்டம் இருக்குன்னா, ஆரம்பத்துலயே சொல்லியிருக்கலாமேம்மா?”

என்னைப் போல் இந்த வேலையில் பல் தேய்ந்தவர்களுக்கு மந்தைவெளியில் நல்ல டாக்டர் ஒருவர் இருக்கிறார், ஆனால் வலி ஆபீஸ் நேரத்தில் மட்டும் வந்தாக வேண்டும்.