சட்டைப் பையைத் தொட்ட ராஜா

பெங்களூரில் வெள்ளைக்காரர்கள் நடத்திய ஒரு கம்பெனியில் நான் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். ஓசூரிலிருந்து காலை பஸ்ஸில் போய் விளக்கு வைக்கும் நேரத்துக்குத் திரும்புவேன். ஐம்பதுகளின் தொடக்கம் அது. இன்று ஃபேக்டரிகள் நிற்கிற இடத்தில் எல்லாம் அன்று ராகியும் கொள்ளும்தான் விளைந்தன. கம்பெனி உத்தியோகம் என்றால் எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு மரியாதை. சூளகிரியிலிருந்து என்னைத் தேடி வந்து பெண் கொடுத்தார்கள்.

என்னைக் கெடுத்தது கம்பெனியின் ஆண்டு விழாதான். குமாஸ்தாக்கள் சேர்ந்து நாடகம் போட்டோம். எனக்குச் சேவகன் வேஷம். "மன்னா, எதிரிப் படை எல்லையைக் கடந்துவிட்டது" என்று ஒரே ஒரு வசனம். அதைச் சொன்னதும் வறுவல் மென்றுகொண்டிருந்த கூட்டம் முழுக்க வாயை மூடிக்கொண்டது. அந்த நிசப்தம் என் காதிலேயே தங்கிவிட்டது. மறுநாள் டைப் மெஷினின் சத்தம் எனக்குத் தாங்கவில்லை. ஒரு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்து பார்த்தேன். பிறகு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டேன்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. சொல்லக் கடினமான எதையும் சொல்வதற்கு முன்னால் என் கை தானாகப் போய்ச் சட்டைப் பையைத் தொடும். எச்சிலை ஒருமுறை விழுங்கிவிட்டுத்தான் பேச்சு வரும். கண்டுபிடித்தவள் என் மனைவி. கல்யாணமான புதிதில், "பையைத் தொட்டுட்டீங்க, என்னமோ சொல்லப் போறீங்க" என்று சிரிப்பாள். ஒரு 'ஹக்' போட்டு ஆரம்பிக்கும் சிரிப்பு அது. அடக்கவே அவளுக்குத் தெரியாது. வேலையை விட்ட அன்றும் பையைத் தொட்டேன். அன்று அவள் சிரிக்கவில்லை.

சேலத்தில் ஒரு நாடகக் கம்பெனியில் சேர்ந்தேன். அவள் சூளகிரியில் பிறந்த வீட்டுக்குப் போனாள். சண்டை ஒன்றும் இல்லை. போகும்போது எனக்குச் சட்டை மடித்து வைத்துவிட்டுத்தான் போனாள். நடுவில் ஒருமுறை அழைத்து வரப் போனேன். மாமனார் இலை போட்டுச் சாப்பாடு போட்டார். கை கழுவியதும் கேட்டார்.

"மாப்ள, கம்பெனி வேலைன்னு பொண்ணு குடுத்தோம். இப்ப ஊர் ஊரா சுத்தறீங்க. எந்த ஊருக்குன்னு அவள அனுப்பறது?"

நியாயமான கேள்விதான். அவள் கதவருகே நின்று, "ஒரு தடவ நீங்க மேடையில நிக்கறத நான் பாக்கணும். எதுக்காக இதெல்லாம்னு அப்பத்தான் எனக்குத் தெரியும்" என்றாள். அன்றிலிருந்து எனக்கு வேறு ஆசை கிடையாது. அவள் உட்கார்ந்து பார்க்க நான் நடிக்க வேண்டும்.

ஒரு மழைக்காலத்தில் தர்மபுரியில் நாடகக் கம்பெனி கலைந்தது. ஓசூருக்குத் திரும்பினால், நடிக்கத் தெரிந்தவனுக்கு எங்கள் பக்கத்தில் இருந்தது ஒரே ஒரு வேலை: நாடக வாத்தியார். திருவிழாவுக்கு நாடகம் போட நினைக்கிற ஊர், ஒரு வாத்தியாரைக் கூட்டிவந்து மாதக்கணக்கில் வைத்துக்கொள்ளும். வீட்டுக்கு ஒரு வேளை என்று முறைவைத்துக் களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் போடுவார்கள். வேஷம் கட்டுவது அந்த ஊர்க் குடியானவர்கள். ராஜா வேஷம் ஒரு வீட்டுக்கு என்று முடிவாகிவிட்டால் அந்த வீடே விரதம் இருக்கும். வாத்தியார் எல்லா வேஷத்தையும் நடித்துக் காட்டுவார். ஆனால் ஒரு வேஷமும் கட்டமாட்டார். ஆர்மோனியத்தோடு பக்கப் படுதாவுக்குப் பின்னால் உட்காருவதுதான் அவர் இடம். எனக்கு வாய்த்த பிழைப்பைப் பாருங்கள்.

பாகலூரில் எனக்குக் கிடைத்த ராஜா, வீட்டில் தெலுங்கு பேசுகிற, தமிழ் படிக்கத் தெரியாத விவசாயி. என்னைவிடப் பெரியவர், நல்ல உயரம். "நீங்க சொல்லுங்க வாத்தியாரே, நான் அட்லே சொல்றேன்" என்பார். அட்லே என்றால் அப்படியே. சொன்னதைச் செய்வதில் மனுஷன் சூரப்புலி. எனக்குச் சளி பிடித்திருந்த வாரத்தில் நான் வசனத்தின் நடுவே இருமினேன்; மறுநாள் அதே இடத்தில் அவரும் இருமினார். அந்த இருமலை மறக்கடிப்பதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது.

நாடகம் நாடு இழந்த ராஜா ஒருவரின் கதை. காட்டு எல்லையில் அவர் ராணியிடம் சொல்வார்: "தேவி, நீ உன் தாய் வீட்டுக்குப் போ. காலம் திரும்பும், நானே வந்து உன்னை அழைத்துக்கொள்கிறேன்." ஒத்திகையில் இதை நான் சொல்லிக் காட்டும்போதெல்லாம் ஊர்ஜனம் வாசலில் வந்து நிற்கும். ஒருநாள் எங்கள் ஊர்ப் புளி வியாபாரி பாய் ஒருவர் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். சூளகிரிச் சந்தைக்குப் போகிறவர் அவர். நல்ல மனுஷன், ஆனால் வாத்தியார் வேஷம் கட்டமாட்டார் என்பது அவருக்குத் தெரியாது.

திருவிழா அன்று நான் எல்லோருக்கும் அரிதாரம் பூசிக்கொண்டிருந்தபோது பாய் படுதாவை விலக்கித் தலையை நீட்டினார்.

"வாத்தியாரே, வீட்ல வந்திருக்காங்க. நீங்கதான் ராஜான்னு சொல்லியிருக்கேன்."

படுதா ஓட்டையில் பார்த்தேன். பெண்கள் பக்கத்தில், தன் சித்தியோடு, கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கழுத்தை நீட்டி மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஒரு காட்சியை மட்டும் எனக்குக் கொடுங்கள் என்று கேட்கலாமா என்று ராஜாவிடம் திரும்பினேன். அவர் கிரீடத்தோடு குனிந்து என் காலைத் தொட்டார். விரதத்தில் கன்னம் ஒட்டியிருந்தது. நான் கேட்கவில்லை.

கிழக்கு வெளுக்கும்போது அந்தக் காட்சி வந்தது. ராணியாக வந்தவர் மீசையை எடுத்த தையற்காரர். "தேவி, நீ உன் தாய் வீட்டுக்குப் போ" என்றார் ராஜா. அடுத்த வசனம் வரவில்லை. மறந்துவிட்டாரோ என்று நான் எடுத்துக் கொடுக்க வாயைத் திறந்தேன். அப்போது அவர் இடது கையைத் தூக்கி, ஜரிகை மார்புக் கவசத்தில், சட்டை போட்டிருந்தால் பை இருக்கும் இடத்தைத் தொட்டார். எச்சிலை விழுங்கினார். பிறகுதான், "காலம் திரும்பும்" என்றார்.

சொல்லிக் காட்டும்போது அந்த இடத்தில் நான் நின்று பையைத் தொடுவேன் என்று எனக்கே தெரியாது. அவர் அட்லே செய்திருக்கிறார்.

கூட்டம் ராஜா நெஞ்சைத் தொட்டதாக நினைத்தது. பெண்கள் மூக்கைச் சிந்தி அழுதார்கள். ஊரே அழுதுகொண்டிருந்த அந்த நிசப்தத்தில் 'ஹக்' என்று ஒருத்தி மட்டும் சிரித்தாள். ஆர்மோனியத்தின் மேல் தலையை வைத்துக்கொண்டேன். அழுகையும் வந்தது, வெட்கமும் வந்தது.

விடிந்தபின் மாட்டு வண்டியருகே நின்றிருந்தாள். கண் சிவந்திருந்தது.

"ராஜா நான் இல்ல" என்றேன்.

"யாருன்னு எனக்குத் தெரியாதா?" என்றாள். "மீதி வசனத்தச் சொல்லுங்க."

நானே வந்து உன்னை அழைத்துக்கொள்கிறேன். அவ்வளவுதான் வசனம். எத்தனையோ தடவை சொல்லிக் கொடுத்தது. என் கை பைக்குப் போயிற்று.

"சரி, ஏறுங்க. அப்பாகிட்ட நான் பேசிக்கறேன்" என்று தான் முதலில் ஏறி, வண்டியில் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

அதன்பின் ஜவளகிரி வரை எத்தனையோ ஊர்களில் சொல்லிக் கொடுத்தேன். அவள் பார்க்க ஒருநாள்கூட நான் வேஷம் கட்டவில்லை. அந்த ஆசை ஆசையாகவே நின்றுவிட்டது. பாகலூர் ராஜா தன் மகனுக்கு அட்லே சொல்லிக் கொடுத்தார், மகன் அடுத்தவனுக்கு. இப்போதும் திருவிழாவில் அந்த ஊர் ராஜா அந்த இடத்தில் நின்று, இல்லாத பையைத் தொட்டு, எச்சிலை விழுங்குகிறான். அவள் போய்ச் சேர்ந்தபின்னும் நான் வருஷம் தவறாமல் போய்ப் பெண்கள் பக்கத்துக்கு அருகில் உட்காருகிறேன். அந்தக் காட்சி வந்ததும் காதைத் தீட்டிக்கொள்கிறேன். எல்லோரும் நன்றாக அழுகிறார்கள். சிரிக்கத்தான் ஆள் இல்லை.