வாசலில் நிற்காத ஸ்ட்ரெச்சர்

அந்த ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் தள்ள எத்தனையோ பேர் வந்தார்கள், போனார்கள். ‘இன்ஜின்’ மாதிரி ஒருத்தர் வந்ததில்லை, இனி வரப்போவதும் இல்லை. அந்தப் பட்டப்பெயர் நர்ஸுகள் வைத்தது. பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்காத மனிதர். தரை துடைக்க வந்து, எவன் சிபாரிசும் இல்லாமல், ஆபரேஷன் தியேட்டர் வண்டிகளுக்கெல்லாம் தலைவரானார். அவர் தள்ளினால் சலைன் பாட்டில்கூட ஆடாது.

அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. தியேட்டர் கதவுக்கு முன்னால் வண்டியை நிறுத்துவார். கூட வந்தவர்கள் நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு நாலு வார்த்தை பேசுவார்கள். அழுகிறவர்கள் அழுது முடிக்கும்வரை இவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

அதில்தான் வினை வந்தது. மயக்க மருந்து கொடுக்கிற டாக்டரம்மா, யாரை எப்போது மயக்கினார்கள், எப்போது எழுப்பினார்கள் என்று கம்ப்யூட்டரில் பதிவாகியிருந்ததையெல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்தார். ஒருவர் எழுந்து அடுத்தவர் மயங்குவதற்குள் தியேட்டர் வெகுநேரம் சும்மா கிடப்பது தெரிந்தது. இன்ஜினைக் கூப்பிட்டனுப்பினார்.

“பெரியவரே, வாசல்ல வண்டி நிக்காம வந்தா தினமும் இன்னொருத்தருக்கு ஆபரேஷன் பண்ணலாம். எத்தனை பேர் தேதி கிடைக்காம கெடக்குறாங்க பாருங்க.”

“நான் லேட்டா? என்னையா சொல்றீங்க?” இன்ஜினுக்கு மீசை துடித்தது. “நாளையிலேர்ந்து பாருங்கம்மா, வண்டி பறக்கும்.”

பறந்தது. டாக்டரம்மா சொன்னதும் பொய்யில்லை. காத்திருந்தவர்களின் வரிசை மளமளவென்று குறைந்தது. இன்ஜினின் சொந்தத் தம்பிக்கே சீக்கிரம் தேதி கிடைத்தது. வயிற்றில் கட்டி. வேறு யாரையும் தொடவிடாமல் அண்ணனே தள்ளிக்கொண்டு போனார்.

“இந்தத் தேதி யாரால கிடைச்சுதுன்னு நினைக்கிற? உன் அண்ணன் ஓடுன ஓட்டம்டா! பெரிய டாக்டரே என் மூஞ்சியப் பார்த்துட்டுத்தான் கத்தியை எடுப்பாரு.”

தம்பியின் மனைவி மூச்சிரைக்கப் பின்னால் ஓடி வந்தாள். “மாமா, கொஞ்சம் நில்லுங்க. அவர்கிட்ட ஒரு வார்த்தை.”

“வெளிய வந்ததும் ஆயுசுக்கும் பேசிக்கம்மா!”

கதவு மூடிக்கொண்டது. தம்பி பிணமாகத்தான் வெளியே வந்தான். கட்டியை எடுக்கும்போது ரத்தப்போக்கை அடக்க முடியவில்லை என்றார்கள்.

எல்லாம் முடிந்து, வந்தவர்கள் கிளம்பி, வீடு வெறிச்சென்று ஆன பிறகு அவள் கேட்டாள். “கடைசியா நீங்கதான மாமா கூட இருந்தீங்க. உள்ள போறப்ப என்ன சொன்னாரு?”

இன்ஜின் யோசித்துப் பார்த்தார். வழி நெடுக அவரேதான் பேசியிருந்தார். கதவைத் தாண்டியும் தன் பெருமையைத்தான் அளந்திருந்தார். தம்பி நடுவில் பேச வாயெடுத்தது ஞாபகம் வந்தது. என்ன சொல்ல வந்தான் என்பது மட்டும் வரவில்லை.

“உன்னை... உன்னைப் பத்திரமா பாத்துக்கச் சொன்னான்மா.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். “அவரா? அப்படியெல்லாம் பேசுற ஆளே இல்லையே அவரு.” பிறகு மெதுவாகக் கேட்டாள். “அவரைப் பேச விட்டீங்களா மாமா?”

இன்ஜின் எழுந்து செருப்பைத் தேடினார்.