நித்திரையில் எழுப்பும் வலி

டாக்டர் ஐயாவின் பிரம்புக் கதிரை எப்போதும் வாசலைப் பார்த்தே கிடக்கும். நோயாளி ஓட்டோவிலிருந்து இறங்குவது, செருப்பைக் கழற்றக் குனிவது, படியில் எந்தக் காலை முதலில் வைப்பது, எல்லாவற்றையும் அதில் இருந்தபடியே பார்த்துவிடுவார். ஆள் வந்து வாய் திறக்குமுன் பாதி வைத்தியம் அவருக்குள் முடிந்திருக்கும். மட்டக்களப்பு வாவிக் கரையில் இருந்த அந்தச் சிறிய கிளினிக்கில் நான் பிசியோதெரபிஸ்டாக வேலை செய்தேன். சனத்துக்கு நான் 'பிசியோ மிஸ்', அவர் 'மகள்' என்றுதான் கூப்பிடுவார்.

முதுகுவலிக்காரர் பலரும் ஊசி கேட்டுத்தான் வருவார்கள். கரடியனாற்றிலிருந்து ஸ்கேன் படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு வந்த விவசாயியிடம், "படத்தப் பிறகு பாப்பம், வயல் வட்டையில எப்பிடிக் குனிவீங்க எண்டு முதல்ல காட்டுங்க" என்றார். அந்த மனிதர் வெட்கத்தோடு வெறும் சீமெந்துத் தரையில் களை பிடுங்கிக் காட்டினார். காத்தான்குடிப் புடவைக்கடை முதலாளி ஒருவரை, "உங்கட இடுப்பு நல்லாத்தான் இருக்கு, கடைக் கதிரைக்குத்தான் வருத்தம், அத மாத்துங்க" என்று சொல்லி அனுப்பினார். ஆனால் எல்லாரிடமும் கடைசியில் ஒரே கேள்விதான். "ராவையில வலி எழுப்புதா?" வேலையால் வந்த வலி படுத்தால் தணியும். படுத்த பிறகும் ஆளைத் தட்டி எழுப்புகிற வலி வேறு. முள்ளந்தண்டுக்குள் கெட்டது ஏதாவது இருக்கலாம். "இல்ல" என்றால் என்னிடம் பயிற்சிக்கு அனுப்புவார். "ஓம்" என்றால் பகிடி எல்லாம் நின்றுவிடும், அன்றே பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார்.

தன்னாமுனையிலிருந்து ஒரு மீனவர் வந்தார். வாவியில் வலை வீசுகிறவர், சிரித்த முகம். அவரிடமும் அதே கேள்வி. "ராவையில ஒரு நாளும் எழுப்பினதில்ல ஐயா" என்றார். ஐயா நிம்மதியாகத் தலையாட்டினார். நான் சொல்லிக்கொடுத்த பயிற்சிகளை அந்த மனிதர் ஒழுங்காகச் செய்துவந்தார், வலிதான் குறையவில்லை. பிறகு ஒரு நாள் தோணியை விட்டு இறங்கியபோது கால்கள் நிற்கவில்லை. முதுகெலும்பில் கட்டி, பிந்திவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

நானும் ஐயாவும் அவரை வீட்டில் பார்க்கப் போனோம். பேச்சுவாக்கில் மீனவரின் மனைவி சொன்னார், "இந்த மனிசன் ராவில எங்க ஐயா படுத்தது? விடிய விடியத் தோணியிலதானே. பகல்லதான் நித்திரை. கண்ண மூடின கையோட எழும்பி, முதுகப் புடிச்சிட்டுக் குந்தியிருப்பார்." குற்றம் சொல்லும் குரலே அல்ல அது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "நான் கேட்டதுதான் புள்ள பிழை" என்று ஐயா அந்தப் பெண்ணிடம் நேராகவே சொன்னார். அவர் விளங்காமல் ஐயாவுக்குத் தேநீர் ஊற்றப் போனார்.

ஐயா வாவிக் கரையில் பிறந்தவர். இரவில் தண்ணீரில் மிதக்கும் வலைகாரர்களின் விளக்குகளைச் சின்ன வயதிலிருந்தே பார்த்தவர். வட்டையையும் கடையையும் நினைத்துக் கேள்வி கேட்டவருக்கு அந்த விளக்குகள் மட்டும் ஞாபகத்துக்கு வரவில்லை. மாரி மழை தொடங்குமுன் மீனவர் போய்ச் சேர்ந்தார். அதன் பிறகு ஐயா எல்லாரிடமும், "நீங்க எப்ப நித்திரை கொள்ளுவீங்க?" என்றுதான் தொடங்குவார். கதிரையும் வாசலைப் பார்த்தே கிடந்தது, ஆனால் பகிடி திரும்பி வரவில்லை.

இப்போது அந்தக் கிளினிக் இல்லை. ஐயாவுக்கு முதுகில் வலி என்று கேள்விப்பட்டு, போன மாதம் அவர் வீட்டுக்குப் போனேன். பிரம்புக் கதிரை கட்டிலின் பக்கத்தில் கிடந்தது. "அதில இரு மகள்" என்றார். அதில் இருந்துகொண்டு அவரைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. வயது, குளிர், பழைய கட்டில் என்று நானே காரணங்களை அடுக்கிக்கொண்டு போனேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "கேக்க வேண்டியதக் கேள்" என்றார்.

"எப்ப நித்திரை கொள்ளுறீங்க ஐயா?"

"இப்ப ராவும் பகலும் படுக்கைதானே."

"வலி எழுப்புதா?"

"ஓம் மகள்" என்றார், காலம் முழுக்க நோயாளிகள் சொல்லக் கேட்ட அதே சாதாரணக் குரலில். அவர் செய்வதைப்போலவே, அன்றே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஓட்டோ பிடிக்க அந்தக் கதிரையை விட்டு எழும்பினேன்.