இருபத்தெட்டு நாளுக்கு முன் போன பிள்ளைகளை எண்ணியவர்

தாணு அண்ணன் இறந்துவிட்டார். நேற்றுக் காலை, தக்கலையில், பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போது... மாரடைப்பு.

நண்பர்கள் பலருக்கு அவரைத் தெரியாது. சில ஆண் குழந்தைகளுக்குப் பிறவியிலேயே மூத்திரப் பாதையை ஒரு சவ்வு அடைத்துக்கொள்ளும். தாயின் வயிற்றில் இருக்கும்போதே கிட்னி கெடத் தொடங்கிவிடும். அதற்கு மரபணுவில் காரணம் உண்டா என்று தேடும் ஆராய்ச்சி ஒன்றில் நாங்கள் வேலை பார்த்தோம்.

அவர் வீடு வீடாகப் போய்க் குடும்ப விவரம் எழுதி, ரத்தம் எடுத்து வருவார். நான் ஏசி அறையில் உட்கார்ந்து அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவேன். ஆராய்ச்சியாளர் என்ற பெயர் எனக்குத்தான்.

ரத்தக் குப்பிகள் வைத்த ஐஸ் பெட்டியோடு களியக்காவிளை பஸ்ஸில் ஏறினால், கண்டக்டர் அவரைப் பின்னால் போகச் சொல்வார்.

"என்ன மீனு அண்ணாச்சி, சாளையா?" என்று பக்கத்தில் யாராவது கேட்பார்களாம். "விக்கதுக்குள்ளது இல்ல" என்பாராம் இவர். ஆராய்ச்சியைப் பற்றி அவர் பொதுமக்களுக்கு அளித்த விளக்கம் அவ்வளவுதான்.

எங்கள் படிவத்தில் ஒரு கேள்வி: இறந்த ஆண் குழந்தைகள் எத்தனை? எல்லா வீட்டிலும் "இல்லை" என்றார்கள். முதல் வருடம் முழுக்க நான் பூஜ்யம் பூஜ்யமாக ஏற்றினேன். என் கம்ப்யூட்டரின்படி குமரி மாவட்டத்தில் ஆண் குழந்தைகளுக்கு மரணமே கிடையாது.

இங்கே பல வீடுகளில் பிறந்த இருபத்தெட்டாம் நாள் இடுப்பில் கயிறு கட்டுவார்கள். அதற்கு முன் போனதைப் பிள்ளை என்று எண்ணிச் சொல்வதில்லை. அது அண்ணனுக்குத்தான் உறைத்தது.

ஒருமுறை நானும் கூடப் போயிருந்தேன். நெய்யூர் பக்கம் ஒரு வீடு.

"பிள்ளைய எத்தன மக்களே?"

"ரெண்டு. பொட்டப்பிள்ளைய."

"இருபத்தெட்டு கெட்டாம போனது உண்டா?"

அந்தப் பெண் அடுக்களைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, "மூணு" என்றாள். "எல்லாம் ஆம்பிள."

எங்கள் கட்டுரையின் கடைசியில் "களப்பணியாளர்களுக்கு நன்றி" என்று ஒரு வரி உண்டு. அந்தப் பன்மை முழுவதும் அவர் ஒருவர்தான்.

மகள் பகவதி கர்ப்பமானதும் தன் குடும்பத்து ரத்தத்தையும் கொண்டுவந்தார். படிவத்தில், பிள்ளைகள்: ஒரு மகள்.

"அண்ணே, கெட்டாம போனது உண்டா?" என்று அவருடைய கேள்வியை அவரிடமே கேட்டேன்.

"ரெண்டு, மக்கா. ரெண்டும் ஆம்பிள. மூத்திரமே போவல்ல."

உண்மையில் பார்க்க வேண்டியது அந்த இரண்டு பிள்ளைகளின் ரத்தத்தை. அது யாரிடமும் இல்லை.

போன வாரம் ரிசல்ட் வந்தது. காரணம் எதுவும் கண்டறியப்படவில்லை.

"அப்போ அவ பயப்படண்டாமா?"

"அப்படி இல்லண்ணே. நமக்குத் தெரியல்ல, அவ்வளவுதான்."

"நல்லதா, மோசமா? ஒண்ணு சொல்லு மக்கா."

"ரெண்டும் இல்ல."

"பின்ன அவகிட்ட என்னத்த சொல்லதுக்கு?"

நேற்று வீட்டுக்குப் போயிருந்தேன். பகவதிக்கு ஐந்தாம் மாதம். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். (இன்று அவளிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.)

"அண்ணே, அந்த ரிசல்ட் வந்தா?"

வந்தது என்றேன். என்ன எழுதியிருந்தது என்றும் சொன்னேன்.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"போன வாரமே சொல்லிட்டேன்."

"நேத்து ராத்திரி சோறு திங்கும்போகூட வரல்லன்னுதான சொன்னாவ..."

பிறகு அவள் அப்பா கேட்டதையே கேட்டாள். நல்லதா, மோசமா?

நானும் போன வாரம் சொன்னதையே சொன்னேன்.

அவளிடம் சொல்லியாயிற்று, தாணு அண்ணே. வியாழக்கிழமை ஸ்கேன். நீங்கள் புறப்படுங்கள்.