வெற்றிலை போட்ட ஆடு

ராஜபாளையம் பக்கத்துச் சந்தையில்தான் அந்த ஆட்டுத் தரகரைப் பார்த்தேன். கன்னத்தில் எந்நேரமும் வெற்றிலை அதக்கியிருப்பார். ஆள் முகத்தைப் பார்க்கும் முன்னே ஆட்டின் வாயைத் திறந்து பார்ப்பார்.

நான் விற்கக் கொண்டுபோயிருந்த செம்மறியின் வாயைத் திறந்தார். நாக்கு வீங்கி நீலம் பாரித்திருந்தது. கால்நடை டாக்டர் முந்தின நாளே சொல்லியிருந்தார்: "நீலநாக்கு. ரத்தக்குழாயையே கெடுக்குற வைரஸ். கொசு மாதிரி பூச்சி கடிச்சா மத்த ஆட்டுக்கும் வந்துரும், தனியாக் கட்டுங்க." தரகர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. உள்ளங்கையில் வெற்றிலைச் சாற்றைத் துப்பி, அந்தப் புண் நாக்கில் அழுத்தித் தேய்த்தார். ஆடு துடித்தது.

வன்னியம்பட்டியிலிருந்து வந்த ஒரு அக்கா சிவந்த நாக்கைப் பார்த்துவிட்டு அவரிடம் கேட்டாள்: "சீக்கு ஒண்ணும் இல்லையேண்ணே? வீட்டுல பன்னெண்டு உருப்படி நிக்குது."

"நான் தரகன், என்னைய நம்பாதம்மா. வளத்தவரு பக்கத்துலதான நிக்காரு, அவர்ட்டயே கேளு."

அவள் என்னைப் பார்த்தாள்.

"நல்ல ஆடுதான்க்கா" என்றேன்.

அந்தத் தரகரை நினைத்தால் இன்றைக்கும் ஏசத்தான் தோன்றுகிறது. ஆனால் அன்றைக்கு அவர் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை.